ஓட்ஸ் பெட்டிக்குள் ஒரு பூமி

(கல்லூரி இயற்பியல் மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடத்தில் நீங்கள் எல்லோரும் ஒரு படம் வரைந்திருப்பீர்கள். பூமியைப் பழம்போல் அறுத்து வைத்த படம். மேலே மெல்லிய தோலாகப் புவிமேலோடு, அதற்குள் கவசம், அதற்குள் வெளிக்கருவம், நட்டநடுவில் உட்கருவம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணப் பென்சில். நான் அந்தப் படத்தை வகுப்பறைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. அதன் நடுவட்டத்தை முதன்முதலில் கண்டுசொன்னவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு பெண்மணி. பெயர் இங்கெ லேமன். 1888 மே 13 அன்று கோபன்ஹேகனில் பிறந்தார். 1993 பிப்ரவரி 21 அன்று, 104 வயதில், அதே நகரில் மறைந்தார்.

டென்மார்க் என்பது நிலநடுக்கத்துக்குப் பேர்போன நாடு அல்ல. மலைகூடக் கிடையாது, தட்டையான நிலம். ஆனாலும் லேமனுக்குப் பதினைந்து பதினாறு வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டுத் தரை அசைந்தது. தாயும் தங்கையும் உடனிருந்தார்கள். கூரையிலிருந்து தொங்கிய விளக்கு ஆடியது. தந்தை அறைக்குள் வந்து, இது நிலநடுக்கம் என்று சொன்னார். உலகெங்கும் நடந்த ஆயிரக்கணக்கான அதிர்வுகளைப் பிற்காலத்தில் தாளில் படித்தவர், இளமையில் தன் காலடியில் உணர்ந்தது அந்த ஒன்றைத்தான்.

தந்தை ஆல்ஃப்ரெட் லேமன் டென்மார்க்கில் சோதனைமுறை உளவியலுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர். மகளை அவர் சேர்த்துவிட்ட பள்ளி அந்தக் காலத்துக்குப் புதுமையானது. ஹன்னா ஆட்லர் என்ற அம்மையார் நடத்தியது. இயற்பியலாளர் நீல்ஸ் போரின் பெரியம்மா அவர். ஆணும் பெண்ணும் அங்கே ஒரே வகுப்பில், ஒரே பாடம் படித்தார்கள். பையன்கள் தையல் கற்றார்கள், பெண்பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். அறிவில் ஆண் பெண் என்ற பேதம் உண்டென்பதே அந்தப் பள்ளியில் லேமனுக்குத் தெரியாமல் போயிற்று. வெளியுலகம் அப்படி நினைக்கவில்லை என்று பிறகு அறிந்தபோது தனக்கு ஏமாற்றமாக இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். நல்ல பள்ளி ஒரு பிள்ளைக்குத் தரக்கூடிய மிகப் பெரிய கொடை இதுதான் என்று நான் நம்புகிறேன். உலகம் குனியச் சொல்லும்போது, ஏன் குனிய வேண்டும் என்று கேட்கும் முதுகெலும்பை அது தந்துவிடுகிறது.

1907-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கத் தொடங்கினார். 1910-இல் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரிக்குப் போனார். அந்தக் கேம்பிரிட்ஜில் பெண்கள் படிக்கலாம், தேர்வு எழுதலாம், பட்டம் கிடையாது. 1948 வரை அதுதான் நிலைமை. அங்கே அளவுக்கு மீறி உழைத்து, உடலும் மனமும் சோர்ந்து, 1911 டிசம்பரில் ஊர் திரும்பினார். படிப்பு நின்றது. காப்பீட்டுக் கணக்குப் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஓராண்டு ஈராண்டு அல்ல, 1918 வரை.

மாணவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். லேமன் பட்டம் பெற்றது 1920-இல், 32 வயதில். இருபத்திரண்டு வயதுக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும், ஓராண்டு அரியர் விழுந்தால் வாழ்க்கையே போயிற்று என்று உங்களில் பலர் தவிப்பதை நான் பார்க்கிறேன். அந்தக் காப்பீட்டு அலுவலக ஆண்டுகளைப் பலர் வீணான காலம் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீண்ட எண்வரிசைகளைப் பொறுமையாகப் பார்ப்பது, எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று எடைபோடுவது ஆகியவற்றில் அங்கே அவர் நன்றாகத் தேறிவிட்டார். பின்னாளில் பூமியின் நடுவுக்கு அவரைக் கொண்டுபோனதும் அதே பழக்கம்தான்.

1925-இல் நீல்ஸ் எரிக் நோர்லண்ட் என்ற கணிதப் பேராசிரியரிடம் உதவியாளரானார். டென்மார்க்கின் நிலஅளவைத் துறைக்குத் தலைவர் அவர். கோபன்ஹேகனிலும், டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த கிரீன்லாந்திலும் நிலநடுக்க ஆய்வு நிலையங்கள் அமைக்க வேண்டும் என்று திட்டமிட்டிருந்தார். அந்த வேலைக்கு அமர்த்தப்பட்ட லேமனோ, உடனிருந்த இளைஞர்களோ அதுவரை ஒரு நிலநடுக்கமானியைக் கண்ணால் கண்டதில்லை. கருவியைப் பூட்டி, சரிபார்த்து, ஓடவைத்துத்தான் கற்றுக்கொண்டார்கள். கிரீன்லாந்தில் இவிக்டட், ஸ்கோர்ஸ்பிசுண்ட் என்னும் இரண்டு இடங்களில் நிலையங்கள் எழுந்தன. 1927-இல் ஐரோப்பிய நிலையங்களைப் பார்த்துவரப் புறப்பட்ட லேமன், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் பேனோ குட்டன்பெர்க்கிடம் ஒரு மாதம் பாடம் கேட்டார். குட்டன்பெர்க் அப்போதே இத்துறையின் முன்னணி அறிஞர். 1928-இல் லேமன் தேர்வெழுதித் தேறி, டென்மார்க் நிலஅளவை நிறுவனத்தின் நிலநடுக்கத் துறைக்குத் தலைவரானார். 25 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். துறைத்தலைவர் என்றால் பெரிய படை இருந்ததாக நினைக்கவேண்டாம். கருவிகளைப் பராமரிப்பது, பதிவுகளைப் படிப்பது, அறிக்கை அச்சிட்டு உலக நிலையங்களுக்கு அனுப்புவது எல்லாம் அவர் தலையில்தான். ஆராய்ச்சி அந்த வேலையின் கடமைகளில் சேராது. அதைத் தன் விருப்பத்தில், மிச்ச நேரத்தில் செய்தார்.

இனி அவர் படித்த தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஓரிடத்தில் நிலம் நடுங்கினால் அங்கிருந்து அலைகள் கிளம்பிப் பூமிக்குள்ளும் பாய்கின்றன. இரண்டு வகை முக்கியம். முதலில் வந்துசேர்வது பி அலை. அழுத்தி விரிந்து, அழுத்தி விரிந்து, ஒலியைப்போல் முன்னேறும். திடத்திலும் போகும், திரவத்திலும் போகும். பின்னால் வருவது எஸ் அலை. கயிற்றை உதறினால் ஓடும் நெளிவைப்போன்றது. திடத்தில் மட்டும் போகும், திரவத்துக்குள் நுழையாது. மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியை எண்ணி மழை எவ்வளவு தூரத்தில் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? பி அலைக்கும் எஸ் அலைக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு நிலநடுக்கம் எவ்வளவு தூரத்தில் என்று சொல்வதும் அதே வித்தைதான்.

இந்த அலைகள் பூமிக்குள் போய்வரும் தூதர்கள். அங்கே பொருள் மாறினால் அவற்றின் வேகம் மாறும், பாதை வளையும். பூமிக்கு ஒரு கருவம் இருக்கிறது என்று 1906-இல் பிரித்தானியரான ஓல்டம் இதைக் கொண்டுதான் காட்டினார். அது சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் தொடங்குகிறது என்று கணக்கிட்டவர் குட்டன்பெர்க். அந்தக் கருவம் திரவம் என்று 1926-இல் ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் நிறுவினார். கவசத்தின் அடியில் விநாடிக்கு 13 கி.மீ.க்கு மேல் ஓடும் பி அலை, கருவத்துக்குள் நுழைந்ததும் 8 கி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. வேகம் திடீரென்று குறைவதால், தண்ணீருக்குள் நுழையும் ஒளிக்கற்றை மடங்குவதுபோல் அது உள்நோக்கி மடங்குகிறது. அதனால் நிலநடுக்கம் நடந்த இடத்திலிருந்து சுமார் 11,500 கி.மீ. தொடங்கி 15,800 கி.மீ. வரை பூமியின்மேல் ஒரு பட்டை உண்டாகிறது. அந்தப் பட்டைக்குள் பி அலை நேராக வந்துசேர வழியில்லை. அதற்கு நிழல் மண்டலம் என்று பெயர்.

ஆனால் அந்த நிழலுக்குள் இருந்த நிலையங்களிலும் சிறுசிறு நெளிவுகள் பதிவாகிக்கொண்டிருந்தன. வரக்கூடாத இடத்தில் அலை வந்தது. அன்றைய பெரியவர்கள் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்: சுவரின் மூலையைச் சுற்றி ஒலி கசிவதுபோல், கருவத்தின் விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் அலை கசிகிறது என்றார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அதனால் அந்த நெளிவுகள் ஓரமாக வைக்கப்பட்டன.

1929 ஜூன் 17 காலை நியூசிலாந்தின் தென்தீவில் மர்ச்சிசன் என்ற ஊரின் பக்கத்தில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. 17 பேர் உயிரிழந்தார்கள். நியூசிலாந்துக்கு நேர் எதிர்ப்புறம், உருண்டையின் அந்தப் பக்கம், ஸ்பெயின் இருக்கிறது. ஆகவே நியூசிலாந்தில் நிலம் நடுங்கினால், கருவத்தின் ஊடே வந்த அலைகள் ஐரோப்பாவில் வெளிப்படும். ஐரோப்பாவிலோ நல்ல கருவிகள் நெருக்கமாக இருந்தன. நிழல் மண்டலத்துக்குள் சோவியத் நாட்டின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க், இர்குட்ஸ்க் போன்ற நிலையங்கள் இருந்தன. நிலநடுக்கம் அரிதான டென்மார்க் உட்கார்ந்திருந்த இடம், பூமியின் நடுவைக் கேட்பதற்குச் சரியான இருக்கை.

லேமன் ஒரு காரியம் செய்தார். என்னைக் கேட்டால், அவருடைய வாழ்க்கையின் பெரிய காரியம் இதுதான். கண்டுபிடிப்பு இதற்குப் பிறகு வந்த பலன். நிலையங்கள் அச்சிட்டு அனுப்பும் நேரப் பட்டியலோடு அவர் நிற்கவில்லை. ஊசியும் ஒளிப்புள்ளியும் எழுதிய பதிவுகளையே தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். பட்டியலில் இருப்பது யாரோ ஒருவர் படித்த எண். அலை எங்கே தொடங்கியது என்று அவர் சரியாகக் கண்டாரா? கடிகாரம் ஒழுங்காக ஓடியதா? கடிகாரம் ஒரு விநாடி பிசகினால், பூமிக்குள் பத்து கிலோமீட்டர் பிசகும். கருவியைத் தானே பூட்டி, கடிகாரத்தைத் தானே சரிபார்த்து, தவறு எங்கெங்கே நுழையும் என்று கைப்பழக்கத்தில் அறிந்தவர் அவர். ஆகவே எந்த நெளிவு கருவியின் பிழை, எது பூமி சொன்ன சேதி என்று அவரால் பிரிக்க முடிந்தது. மர்ச்சிசன் நிலநடுக்கப் பதிவுகளைப் பற்றி 1930-லேயே ஒரு கட்டுரை எழுதினார். ஆனாலும் அவசரப்படவில்லை. மேலும் ஆறு ஆண்டுகள் யோசித்தார்.

கணினி இல்லாத காலம். அவருடைய வேலையை நேரில் பார்த்த உறவினர் ஒருவர் பின்னாளில் சொன்ன காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துப் புல்வெளியில் ஒரு பெரிய மேசை, மேசை நிறைய ஓட்ஸ் வந்த அட்டைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் அட்டைகள். எந்த நிலநடுக்கம், எந்த நேரம், உலகின் எந்த நிலையத்தில் எப்போது பதிவானது என்று அட்டை அட்டையாக எழுதி அடுக்கியிருந்தார். தேவையான அட்டையை எடுப்பார், பார்ப்பார், திரும்ப அதே இடத்தில் செருகுவார். கஞ்சி காய்ச்ச வாங்கிய பெட்டிகளுக்குள் ஒரு பூமியே அடுக்கிவைக்கப்பட்டிருந்தது.

அந்த அட்டைகள் அவரிடம் சொன்னது இது. நிழல் மண்டலத்தில் வந்த அலைகள் கசிந்து வந்தவையாக இருக்க முடியாது. கசிந்த அலை விளிம்பிலிருந்து விலக விலகத் தேய்ந்துபோக வேண்டும். இவை அவ்வளவு தூரத்திலும் வலுவாக இருந்தன. ஆகவே கருவத்துக்குள்ளேயே ஏதோ ஒன்று அலையைத் திருப்பி அனுப்புகிறது. தன் யோசனையைச் சோதிக்க அவர் எடுத்துக்கொண்ட மாதிரி, பத்தாம் வகுப்பு மாணவிக்கும் புரியும். கவசம் முழுவதும் அலை விநாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொண்டார். கருவத்தில் 8 கி.மீ. கருவத்தின் நடுவில் ஒரு சிறிய உருண்டை. அதற்குள் மறுபடியும் 10 கி.மீ. உண்மையான பூமி இவ்வளவு எளிதல்ல என்று அவருக்குத் தெரியும். ஆனால் இப்படி வைத்துக்கொண்டால் கதிர்கள் நேர்க்கோடாகப் போகும், கோணவியல் போதும், கையாலேயே கணக்குப் போடலாம். போட்டார். நடு உருண்டையில் பட்டு மடங்கிய கதிர்கள் நிழல் மண்டலத்துக்குள் வந்து விழுந்தன. அவை வந்துசேரும் நேரமும் பதிவுகளோடு ஒத்துப்போயிற்று.

1936-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அதன் தலைப்பு ஒரே ஓர் எழுத்து: பி. பக்கத்தில் மேலே ஒரு சிறு கோடு. கருவத்தின் ஊடே வந்த பி அலைக்கு அன்று வழங்கிய குறியீடு அது. பி-டேஷ். பூமிக்கு ஒரு புது நடுவைத் தந்த கட்டுரைக்கு அவர் சூட்டிய பெயர் அவ்வளவே. உள்ளேயும் முழக்கம் கிடையாது. கையிலிருக்கும் தரவால் இதை நிரூபித்துவிட முடியாது, ஆனால் இப்படி ஒன்று இருப்பதாகக் கொண்டால் பதிவுகள் எளிதாக விளங்குகின்றன என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். உட்கருவம் திடப்பொருள் என்றும் அவர் எழுதவில்லை. பல நூல்கள் அதையும் அவர் பெயரிலேயே எழுதிவிடுகின்றன, அது சரியல்ல. அலையின் வேகம் அங்கே கூடுகிறது என்பது மட்டும்தான் அவர் கண்டது, அதை மட்டும்தான் சொன்னார். திடமாக இருக்கலாம் என்ற வாதம் 1940-களில் பர்ச், புல்லன் போன்ற அறிஞர்களால் வளர்ந்தது. 1971-இல் ஜீவோன்ஸ்கியும் கில்பர்ட்டும், 1964-இல் அலாஸ்காவில் நடந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு பூமி முழுவதும் கோயில் மணிபோல் அதிர்ந்துகொண்டிருந்த பதிவுகளை ஆராய்ந்து, அது திடம்தான் என்று உறுதிசெய்தார்கள். லேமனுக்கு அப்போது 83 வயது.

கசிவு விளக்கத்தை நம்பியிருந்த பெரியவர்கள் என்ன செய்தார்கள்? லேமனுக்கு ஒரு மாதம் பாடம் சொன்ன குட்டன்பெர்க், அமெரிக்காவில் ரிக்டரோடு சேர்ந்து பரிசோதித்து, 1938-இல் உட்கருவத்தை ஏற்றுக்கொண்டார். கேம்பிரிட்ஜின் ஜெஃப்ரீஸ் 1939-இல் ஏற்றுக்கொண்டார். மாணவி சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள ஆசிரியருக்கு இரண்டு ஆண்டுகள் போதுமாயிருந்தது. அறிவியலின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு இதுபோன்ற நிகழ்ச்சிகளே காரணம்.

அந்த உட்கருவத்தின் ஆரம் சுமார் 1,220 கி.மீ. என்று இன்று அறிவோம். நம் நிலவைவிடச் சிறிய இரும்பு உருண்டை. சுற்றியுள்ள திரவ இரும்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து அதன்மேல் உறைந்துகொண்டிருக்கிறது. அந்த உறைதல் வெளியிடும் வெப்பமும், உறையாமல் ஒதுங்கும் இலகுவான தனிமங்களும் வெளிக்கருவத்தைக் கலக்கிக்கொண்டே இருப்பதால்தான் பூமியின் காந்தப்புலம் நிலைக்கிறது. திசைகாட்டி முள் வடக்கே நிற்பதற்கும், சூரியனிலிருந்து வரும் துகள்வீச்சு நேரே நம்மேல் பாயாததற்கும் வேர் அங்கே இருக்கிறது.

1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை டென்மார்க்கைப் பிடித்தது. வெளிநாட்டு நிலையங்களோடு இருந்த தொடர்பு பெருமளவு அறுந்தது. நாட்டுக்கு நாடு பதிவுகள் போய்வந்தால்தான் இந்த அறிவியல் உயிரோடிருக்கும். லேமனுக்கு அவை வறண்ட ஆண்டுகள்.

போருக்குப் பிறகு 1952-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு அவர் பெயர் பரிசீலிக்கப்பட்டது. கிடைக்கவில்லை. பூமியின் நடுவைக் கண்டவருக்கு, அவர் பிறந்த நகரத்தின் பல்கலைக்கழகத்தில் ஒரு நாற்காலி இல்லை. திறமையில்லாத எத்தனை ஆண்களோடு தான் வீணாகப் போட்டியிட வேண்டியிருந்தது தெரியுமா என்று, ஓட்ஸ் பெட்டிகளைப் பற்றிச் சொன்ன அந்த உறவினரிடமே அவர் கேட்டிருக்கிறார். அவரைக் கடுமையானவர், சட்டென்று கோபப்படுபவர் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது என்று நான் சொல்வேன்.

1953-இல், 65 வயதில் ஓய்வுபெற்றார். நம்மூரில் மணிவிழா முடிந்தால் அடுத்து பேரப்பிள்ளைகள், கோயில் குளம் என்பார்கள். லேமன் திருமணம் செய்துகொள்ளவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். நியூயார்க் அருகே மாரிஸ் யூயிங் நடத்திய லாமான்ட் ஆய்வகம் அவரைக் கைநீட்டி வரவேற்றது. பலமுறை போய்த் தங்கி ஆராய்ந்தார். அணுகுண்டுச் சோதனைகள் நிலத்தடியில் நடக்கத் தொடங்கிய காலம் அது. நிலநடுக்கம் எங்கே, எத்தனை மணிக்கு நடந்தது என்பதைக் கணக்கிட்டுத்தான் சொல்ல முடியும். குண்டு வெடித்த இடமும் நொடியும் முன்பே தெரியும். அப்படிப்பட்ட பதிவுகளையும் பயன்படுத்திக் கவசத்தின் மேற்பகுதியை ஆராய்ந்தார். சுமார் 220 கி.மீ. ஆழத்தில் அலையின் வேகம் சட்டென்று கூடும் எல்லை ஒன்றைக் கண்டார். அது உலகின் எல்லா இடத்திலும் ஒரே தெளிவாகத் தெரிவதில்லை. அதைப் பற்றிய விவாதம் ஓயவில்லை. ஆனால் லேமன் எல்லை என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. எழுபது வயதை ஒட்டி ஒருவர் தொடங்கிவைத்த கேள்வி அது.

பரிசுகள் பிறகு வந்தன. 1969-இல் லண்டன் ராயல் சொசைட்டி அயல்நாட்டு உறுப்பினராக்கியது. 1971-இல் அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் வில்லியம் போவி பதக்கம். அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பேராசிரியர் பதவி கொடுக்காத கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் 1968-இல் மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது. அதே பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் 2017-இல் அவருக்கு நினைவுச்சின்னமும் எழுந்தது. 1987-இல், தன் துறையின் பழைய நாட்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 98.

மாணவ மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். லேமன் கடிதம் எழுதிக் காத்திருந்து பெற்ற பதிவுகள்போல், இன்று உலகெங்குமுள்ள நிலையங்களின் பதிவுகள் இணையத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அடுத்த முறை எங்காவது பெரிய நிலநடுக்கம் என்று செய்தி வந்தால், அதோடு நின்றுவிடாதீர்கள். கல்லூரிக் கணினியில் அந்தப் பதிவை இறக்கிப் பாருங்கள். பி அலை எந்த விநாடியில் தொடங்குகிறது என்று மற்றவர் குறித்ததைப் பார்க்கும் முன், உங்கள் கண்ணால் பார்த்து நீங்களே குறியுங்கள்.